ஆளுக்குப் பாதிப் பாலம்

வெல்டிங் மிஷின் வாங்கி வந்த நாளிலிருந்து பேருந்து ஓட்டுநரின் கார் தெருவில் நின்று வெயிலில் காய்ந்தது. கார் ஷெட் முழுவதும் இனி மிஷினுக்குத்தான். பார்வைக்குச் சின்னப் பெட்டி, தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிடலாம். ஆனால் அதை வைக்க ஒரு மேஜை, இரும்பைக் கவ்விப் பிடிக்க மேஜையில் ஒரு வைஸ், பக்கத்தில் குழாய் வெட்டும் மிஷின், சுவரோரம் சதுரக் குழாய்கள் என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்து, கடைசியில் ஓட்டுநர் தன் உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் அங்கே நிற்க வேண்டியிருந்தது.

அதெல்லாம் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நாள் முழுக்க நெரிசலில் பேருந்தை உருட்டிவிட்டு வருகிறவர், முகம்கூடக் கழுவாமல் ஷெட்டுக்குள் நுழைந்துவிடுவார். பற்றவைக்கும் குச்சியான ராடு இரும்பில் உரசி நெருப்புப் பிடிக்கும் அந்த முதல் நொடிக்காகவே அவருக்குப் பொழுது விடிந்தது. ஆரம்பத்தில் ராடு போய் ஒட்டிக்கொண்டு பிடுங்க வராமல் படுத்தியெடுத்தது. போகப்போகக் கை பழகியது. காய்ந்த எண்ணெயில் எதையோ போட்டதுபோல் ஒரே சீராகச் சத்தம் வரும். முகமூடியின் கறுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உருகிய இரும்பு ஒரு குட்டிக் குளமாக மினுங்கிக்கொண்டே நகரும். ஆறியதும் மேலே படிந்த கசடைச் சுத்தியலால் தட்டினால் ஓடுபோலப் பெயர்ந்து விழும். அடியில் மீன் செதிலை அடுக்கியதுபோல் தையல் பளபளக்கும். அதை உடனே யாருக்காவது காட்டாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும்.

"இங்க கொஞ்சம் வந்து பாரேன்" என்று மனைவியைக் கூப்பிடுவார்.

அவளும் வந்து குனிந்து பார்ப்பாள். "நல்லாத்தான் இருக்கு. இப்ப ஃப்ரிட்ஜைப் போட்டுக்கலாமா?"

மிஷின் ஓடும்போது வீட்டில் வேறு எதுவும் ஓடக் கூடாது. ஓடினால் மெயின் விழுந்துவிடும்.

பக்கத்து வீட்டிலும் ஒரு வெல்டிங் மிஷின் இருந்தது. அந்த வீடு ஓட்டுநரின் சகலையுடையது, அதாவது மனைவியின் தங்கை கணவருடையது. அவர் பல்செட் செய்கிறவர். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவர் ஒரு விளக்கடியில் உட்கார்ந்து பல்வரிசை செய்து கொடுப்பார். அவருடைய மிஷின் வேறு ரகம். ராடு கிடையாது. துப்பாக்கி மாதிரி ஒன்றின் விசையை அழுத்தினால் கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும், கூடவே சிலிண்டரிலிருந்து கேஸ் வரும். கசடும் இல்லை, தட்டும் வேலையும் இல்லை. அவர் ஷெட்டில் கருவிகள் எல்லாம் சுவரில் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகத் தொங்கும்.

"கம்பி தானா வருதாம், தானா ஒட்டுதாம். இவருக்கு அதுல என்ன வேலை, பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுதானே?" என்பார் ஓட்டுநர்.

"சகலை ராடு வச்சா யார் வீட்லயோ சமையல் நடக்குதுன்னு நெனச்சு நான் தட்டெடுத்துட்டு உக்காந்திடறேன்" என்பார் பல்செட்காரர்.

ஒருவர் செருப்பு ஸ்டாண்டு செய்தால் மற்றவர் இரண்டு தட்டு கூட வைத்துச் செய்தார். கடைசியில் ஊர்வலமே வந்தாலும் செருப்பு விட இடம் இருக்கிற அளவுக்கு இரண்டு வீட்டிலும் ஸ்டாண்டுகள் நிறைந்துவிட்டன.

இரண்டு வீடும் ஒரே காம்பவுண்டுக்குள். மாடியும் மாடியும் எதிரெதிர், நடுவில் துணி காயப்போடும் சந்து. அக்காளும் தங்கையும் அவரவர் பால்கனியில் நின்று பேசுவார்கள். ஒரு பாத்திரம் கைமாற வேண்டுமென்றால் மட்டும் இறங்கி, சுற்றி, மறுபடி ஏற வேண்டும்.

ஒரு விடுமுறை நாளில் நாலு பேரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்காதான் பேச்சை எடுத்தாள்.

"செருப்பு ஸ்டாண்டெல்லாம் போதும். எங்க பால்கனிக்கும் இவ பால்கனிக்கும் நடுவுல ஒரு நடைபாலம் போட்டுக் கொடுங்க."

ஓட்டுநருக்குக் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. பாலம். இரும்புப் பாலம். அவர் மண்டைக்குள் அப்போதே பொறி பறக்க ஆரம்பித்துவிட்டது. "நான் செய்றேன்" என்றார். அதே நொடியில் எதிரேயும் "நான் செய்றேன்" என்று கேட்டது.

"ரெண்டு பேரும் செய்ங்க" என்றாள் தங்கை. "ஆளுக்குப் பாதி. அவங்கவங்க வீட்லேருந்து நடு வரைக்கும். அப்புறம் சேத்துடலாம்."

"ரெண்டும் சேரணுமே?" என்றார் பல்செட்காரர்.

"சேரலைன்னா யாரோடது கோணல்னு தெரிஞ்சுபோயிடும்" என்றாள் அக்கா, மோர் ஊற்றிக்கொண்டே.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அந்தரத்தில் தொங்கவிடுகிற வேலையெல்லாம் ஆகாது, நடுவில் தூண் வேண்டும் என்று அவர் கறாராகச் சொல்லி, கான்கிரீட் போட்டு இரண்டு இரும்புத் தூண்களை நட்டு, அவற்றின் தலையில் குறுக்கே ஒரு கனத்த விட்டத்தையும் மட்டம் பார்த்து ஏற்றினார். ஒவ்வொரு பாதியும் ஒரு பக்கம் வீட்டுச் சுவரில் போல்ட்டில் உட்கார வேண்டும், மறு முனை நடு விட்டத்தின்மேல் படிய வேண்டும். அளவு இரண்டு பேருக்கும் ஒன்றே.

வேலை ஆரம்பித்த இரண்டாம் நாள் பல்செட்காரர் தன் ஷெட் வாசலில் படுதா கட்டிவிட்டார். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியக் கூடாதாம். ஓட்டுநரும் விடவில்லை, பழைய போர்வை ஒன்றைத் தேடி எடுத்துக் கட்டினார்.

அந்த நாட்களில் ஓட்டுநர் தரையில் நடக்கவில்லை. பேருந்தை நிறுத்தத்தில் நிறுத்தும்போதுகூட, பயணிகள் நிழற்குடையின் கூரை எப்படிப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும் இரண்டு நீளமான கனத்த குழாய்களைத் தரையில் கிடத்தி, நடுவில் ஏணிப்படிபோல் குறுக்குக் குழாய்களை வைத்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். முகமூடியை இறக்கிக்கொண்டார். ஒரு முனையில் ஆரம்பித்தவர் மறு முனையில்தான் நிமிர்ந்தார். காலியான சாலை கிடைத்த நாளில் பேருந்து ஓடுவதுபோல் ஓடியது கை. ராடு தீரத்தீர அடுத்ததை மாட்டிக்கொண்டே போனார். கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தபோது அவர் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

"இதைப் பாத்துட்டு சகலை மிஷினை வித்துடுவாரு" என்றார் மனைவியிடம்.

"அவர் விக்கிறது இருக்கட்டும். துவைக்கிற மிஷின்ல துணி பாதியில நிக்குது" என்றாள் அவள்.

ஏற்றுகிற நாள் வந்தது. கொத்தனார் தன் ஆட்களோடு வந்து சந்தில் சாரம் கட்டினார். முதலில் பல்செட்காரரின் பாதியைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். சுவரில் போல்ட்டை முறுக்கியதும் மறு முனை விட்டத்தின்மேல் அலுங்காமல் உட்கார்ந்துகொண்டது. தங்கை தன் பால்கனியிலிருந்து கைதட்டினாள்.

அடுத்து ஓட்டுநருடையது. அவரே மேலே நின்று போல்ட்டுகளை முறுக்கினார். கடைசி முறுக்கு முடிந்ததும் கைகளைத் துடைத்துக்கொண்டு நடு விட்டத்தைப் பார்த்தார்.

முனை விட்டத்தைத் தொடவில்லை. இரண்டு விரல் உயரத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"தூண் எறங்கியிருக்கும்" என்றார் ஓட்டுநர்.

கொத்தனார் விட்டத்தின்மேல் மட்டக்கோலை வைத்துக் காட்டினார். குமிழி நட்டநடுவில் நின்றது.

ஓட்டுநர் குழாயைப் பிடித்து நகர்ந்து போய், முனையில் ஏறி நின்றார். அவர் கனத்துக்கு அது இறங்கி விட்டத்தைத் தொட்டது. "இதோ, சேந்துடுச்சே" என்றார்.

"நீங்க எப்பவும் அங்கயே நிப்பீங்களா?" என்றாள் மனைவி.

அவர் இறங்கினார். முனை மறுபடி எழும்பியது.

எதிர்ப் பாதியில் உட்கார்ந்திருந்த பல்செட்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதைப் பார்த்தார். "கடிச்சா சேருது, வாயைத் தெறந்தா கழண்டுக்குது" என்றார். கொத்தனாரின் ஆட்கள் சிரித்தார்கள். தங்கை சிரிப்பை அடக்க உள்ளே ஓடினாள்.

"அடியில ஒரு தகடு சொருகி அடைச்சுடலாங்க, வெளிய தெரியாது" என்றார் கொத்தனார் இரக்கப்பட்டு.

சரி என்று சொல்ல ஓட்டுநருக்கு வாய்வரை வந்துவிட்டது. அப்புறம் நடுவில் ஒரு படிபோல நிற்கும் அந்த மேட்டைப் பார்த்தார். இரண்டு கையிலும் பாத்திரத்தோடு வருகிறவள் அங்கேதான் தடுக்கி விழுவாள். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, கீழே இறங்கி, யாரையும் பார்க்காமல் ஷெட்டுக்குள் போய்க் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்தார். காது இரண்டும் சுட்டது. அளந்து அளந்து வெட்டிய இரும்பு. மூலைமட்டம் வைத்துப் பார்த்தபோது ஒரு மயிரிழை பிசகவில்லை. பிறகு எங்கே தப்பு நடந்தது?

போர்வையை விலக்கிக்கொண்டு பல்செட்காரர் உள்ளே வந்தார். உட்கார இடமில்லாததால் குழாய்க் கட்டின்மேல் சாய்ந்துகொண்டார்.

"எல்லா வெல்டும் மேல் பக்கமே வச்சீங்களா சகலை?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒரே மூச்சுல?"

"நிறுத்தவே இல்லை" என்றார் ஓட்டுநர். அந்த நிலையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"அதான். உருகின இரும்பு ஆறும்போது சுருங்கும். வெல்டெல்லாம் மேலயே இருந்தா மேல்பக்கம் இழுத்துக்கும், முனை தூக்கிக்கும். பல்லு வார்க்கும்போது தெனம் இதோட மல்லுக்கட்டுறேன். நீங்க வெட்டினது சரி, அடுக்கினதும் சரி."

ஓட்டுநர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப உங்களது மட்டும் எப்படி ஒழுங்கா உக்காந்துச்சு?"

பல்செட்காரர் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "தெரிஞ்சிருந்தும் இந்த அவசரத்துல மறந்துட்டேன். உங்களதைவிட என்னது மோசம், வில்லு மாதிரி வளைஞ்சிருந்துச்சு. நிமித்துறதுக்குள்ள உசிரு போயிடுச்சு. படுதா எதுக்குக் கட்டினேன்னு நெனச்சீங்க?"

ஓட்டுநர் சிரிக்க ஆரம்பித்தார். வாளி ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். பல்செட்காரரும் சேர்ந்துகொண்டார். வெளியே நின்றவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை.

"சரி, எப்படி நிமித்தினீங்க?"

"மேல இழுத்ததை அடியிலேருந்து இழுக்கணும். கழட்டக்கூட வேண்டாம். அடிப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமா வெல்டு வைங்க, ஆற விடுங்க, தானா எறங்கி வரும்."

அடுத்த நொடி இருவரும் சந்தில் இருந்தார்கள். ஓட்டுநர் ராடையும் கேபிளையும் இழுத்துக்கொண்டு சாரத்தில் ஏறி, அண்ணாந்து குழாயின் அடியில் வைத்தார். தலைக்கு மேலே ராடு வைத்து அவருக்குப் பழக்கமில்லை. உருகியது சொட்டுச் சொட்டாகக் கையுறைமேல் விழுந்தது. இரண்டு தடவை முயன்று இரண்டு தடவையும் உதறிக்கொண்டு இறங்கினார்.

பல்செட்காரர் தன் மிஷினைச் சக்கரத்தோடு உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். துப்பாக்கியை நீட்டினார். "இந்தாங்க, இதைப் பிடிங்க."

ஓட்டுநர் ஒரு விநாடி தயங்கினார். பிறகு வாங்கிக்கொண்டு ஏறி, விசையை அழுத்தினார். கம்பி சர்ரென்று வந்தது, பற்றியது, சொட்டாமல் போய் ஒட்டிக்கொண்டது. அவர் முகமூடிக்குள் வாயைப் பிளந்தார். அழுத்தினால் நெருப்பு, விட்டால் இல்லை. ஒரு விரல் நீளம் வைத்து நிறுத்தினார். பக்கத்துக் குழாயில் ஒரு விரல். மறுபடி இந்தப் பக்கம்.

"போதும், ஆறட்டும்" என்றார் கீழேயிருந்து பல்செட்காரர்.

எல்லோரும் முனையையே பார்த்தார்கள். இரும்பிலிருந்து டிக், டிக் என்று மெல்லிய சத்தம் வந்தது. கொத்தனார் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார்.

"ரெண்டு விரல் போகல" என்றார். "ஒண்ணுதான் போவுது."

"எறங்குதா?" என்று அக்கா பால்கனிக் கம்பிமேல் பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"எறங்குதும்மா, கண்ணு முன்னால எறங்குது."

ஓட்டுநருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தொடாமல், அடிக்காமல், இத்தனை கனமான இரும்பு அவர் சொன்ன பக்கம் நகர்கிறது. மறுபடி ஏறி இரண்டு இடத்தில் வைத்தார். ஆறும்வரை பொறுத்தார். இப்போது விரல் போகவில்லை. கொத்தனார் பூச்சுக் கரண்டியின் நுனியை விட்டுப் பார்த்தார், போனது. இன்னும் ஒரு தடவை. கரண்டி நுனி முட்டி நின்றது. தங்கை மேலிருந்து ஒரு காகிதத்தைப் போட்டாள். கொத்தனார் அதைச் செருகிப் பார்த்தார், காகிதம் மடங்கிக்கொண்டது.

"உக்காந்துடுச்சு" என்றார் கொத்தனார்.

யாரும் எதிர்பார்க்காமல் ஓட்டுநர், பார்க்க ஏறி வந்த சகலையைச் சாரத்திலேயே கட்டிப்பிடித்தார். சாரம் ஆடியது. "எறங்குங்கய்யா, ரெண்டு பேரும் விழப்போறீங்க" என்று கொத்தனார் அதட்டினார்.

இனி இரண்டு பாதிகளையும் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. யார் ஒட்டுவது என்ற பேச்சே எழவில்லை. இடது குழாய்க்கு ஓட்டுநர் ராடோடு குந்தினார், வலது குழாய்க்குப் பல்செட்காரர் துப்பாக்கியோடு. அக்காளும் தங்கையும் அவரவர் வீட்டுச் சுவிட்சுப் பலகைக்கு எதிரே காவல் நின்றார்கள், யாரும் எதையும் போட்டுவிடக் கூடாது என்று.

"ஆரம்பிக்கலாமா சகலை?"

"ஆரம்பிங்க."

இரண்டு வெளிச்சமும் ஒன்றாக எழுந்தன. ஒரு பக்கம் படபடவென்று ராடு, இன்னொரு பக்கம் சீறிக்கொண்டு கம்பி. சந்தின் இரண்டு சுவரும் வெள்ளை வெளேரென்று மின்னின. ஓட்டுநர் ஒரு விரல் நீளம் வைப்பார், நிறுத்துவார், எதிரே பார்ப்பார். அவரும் அதே நேரத்தில் நிறுத்தியிருப்பார். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், பக்கத்தில் கொஞ்சம் என்று பொறுமையாகச் சுற்றி வந்து முடித்தபோது இருவர் சட்டையும் தொப்பலாக நனைந்திருந்தன.

அதற்குப் பிறகு வழுக்காத இரும்புத் தகடுகளை விரித்துப் பற்றவைத்தார்கள், இரண்டு பக்கமும் இடுப்புயரக் கைப்பிடி நிறுத்தினார்கள். கொத்தனார் மணல் மூட்டைகளை நடுவரை அடுக்கி வைத்து, கீழிருந்தும் மேலிருந்தும் பார்த்து, மூட்டைகளை எடுக்கச் சொன்னார். "யானையே போகலாம்" என்றார்.

"யானை இருக்கட்டும், நாங்க போறோம்" என்றாள் அக்கா.

சகலைகள் இருவரும் கீழே சந்தில் இறங்கி நின்றுகொண்டார்கள். மேலே இந்தப் பக்கமிருந்து அக்கா காலடி வைத்தாள், அந்தப் பக்கமிருந்து தங்கை. முதலில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக, பிறகு வேகமாக. இணைப்புக்கு மேலே இருவரும் சந்தித்தார்கள். சந்தித்ததும், பால்கனியில் பாதியில் விட்ட ஏதோ ஒரு பேச்சை எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்கள்.

ஓட்டுநர் தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டினார். பேருந்தில் எந்த நட்டு கழன்றாலும் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற காது. இரும்பு முனகுகிறதா, தகடு தடதடக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"என்ன சகலை, ஏதாவது கேக்குதா?" என்றார் பல்செட்காரர் கவலையாக.

"ஒண்ணும் கேக்கல" என்றார் ஓட்டுநர். "அவங்க பேசுறது மட்டும்தான் கேக்குது."