கல்யாணத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர்

அச்சுக்கடைக்காரருக்குக் காலையில் ஐம்பத்தைந்து வயது இருந்தது. அன்று மாலை, கடையின் புது கம்ப்யூட்டருக்குள் பழைய கம்ப்யூட்டரை ஏற்றி முடித்து மவுஸைக் கிளிக் செய்ததும், இருபத்தாறு ஆனது. தொப்பை உள்வாங்கியது, சட்டை தொளதொளவென்று தொங்கியது, வழுக்கை இருந்த இடத்தில் முடி முளைத்து நெற்றியில் விழுந்தது. பக்கத்து மேஜையில் பில் புத்தகங்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளிடம், "சொல்லுங்க மேடம், என்ன அடிக்கணும்?" என்று கேட்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் அவளை மேடம் என்று கூப்பிட்டதே இல்லை.

நடந்தது இதுதான். கடையின் பழைய மிஷின் ஒருநாள் மூச்சை நிறுத்திவிட்டது. பழைய வாடிக்கையாளர்களின் ரசீதும் விண்ணப்பமும் எல்லாம் அதில் இருந்த ஒரு பழைய சாஃப்ட்வேரில்தான் கட்டிவைக்கப்பட்டிருந்தன. புது மிஷினில் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்து பல்லைக் காட்டியது. கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து, புது மிஷினைப் பழைய மிஷின் மாதிரி நடிக்கவைக்க ஒரு புரோகிராம் இருக்கிறது என்றார். அதற்குள் கொஞ்சூண்டு மெமரி, சின்னதாக ஒரு ஹார்ட் டிஸ்க் என்று ஒதுக்கி, பழைய விண்டோஸைப் போட்டார். முதலில் திரை வெளிறிப்போன பதினாறு நிறத்தில் வந்தது. திரைக்கான டிரைவர் புரோகிராமைத் தேடிப் போட்டதும் தெளிந்தது. ஆனால் சாஃப்ட்வேர் மட்டும், உன் லைசென்ஸ் என்றோ முடிந்துவிட்டது என்று முரண்டு பிடித்தது. மெக்கானிக் அலட்டிக்கொள்ளாமல் உள்ளே இருந்த கடிகாரத்தைப் பின்னால் தள்ளினார். அது அவர்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தைய வருஷத்தில் போய் நின்றது. "உள்ள கிளிக் பண்ணா மவுஸ் அங்கயே மாட்டிக்கும்மா. கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்து அழுத்துங்க, விட்டுடும்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். மவுஸோடு கை மாட்டும், கையோடு ஆளும் மாட்டும் என்று அவருக்கே தெரியாது.

மனைவி எட்டி அந்த இரண்டு கட்டைகளையும் அழுத்தினாள். தொப்பை திரும்பி வந்தது. உள்ளே நடந்தது எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. உள்ளே இருக்கும்போதுதான் வெளியே இருப்பவள் யாரென்று தெரியவில்லை. வேலை நடந்தாக வேண்டுமே, அதனால் தினமும் நாலு மணிக்கு அவர் உள்ளே போவதும், வேலை முடிந்ததும் அவள் விடுவிப்பதும் வழக்கமாகிவிட்டது. மேடம் என்பதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது பக்கத்தில் கிடந்த காலி பிளாஸ்டிக் நாற்காலியை. உள்ளே போனவுடன் அவர் அதன் பக்கம் திரும்பி, "கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன், கை இடிக்குது" என்பார். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. நாற்காலியும் ஆள் நகர்ந்தாற்போல் கிறீச்சிடும். அந்தக் காலத்தில் அவர் வேலை பார்த்த இடத்தில் சுருட்டை முடிக்காரி ஒருத்தி கூட டைப் அடித்தாள் என்பது மனைவிக்குத் தெரியும். அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. நாற்காலியில் பேப்பர் கட்டைத் தூக்கி வைத்துப் பார்த்தாள். கட்டு தானாகச் சரிந்து கீழே விழுந்தது.

"யாரைப் பார்த்து அந்த இளிப்பு?" என்று கேட்டால் அவர், "சும்மா கூட வேலை பார்த்த பொண்ணு, விடு" என்றார். அந்தச் சும்மாதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. ஒருநாள் அவரை எழுப்பிவிட்டு அவளே உட்கார்ந்து கிளிக் செய்தாள். இருபத்திரண்டு வயதானாள். பக்கத்தில் நின்ற ஐம்பத்தைந்தைப் பார்த்து, "சார், லைட்டை மறைக்காதீங்க" என்றாள். பிறகு இன்னொரு பக்கமாகத் திரும்பி, வெறும் சுவரைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தாள். அவர் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை, பாய்ந்து கட்டைகளை அழுத்தினார். அன்று ராத்திரி டைப்ரைட்டிங் வகுப்பில் அவளோடு யார் யார் படித்தார்கள் என்று ஒவ்வொருவராக விசாரித்தார். தன்னைப் போல இன்னொருவரும் வெந்துபோவதைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது, ஆனால் நாற்காலி அப்படியேதான் கிடந்தது.

மறுநாள் அவள் வீம்புக்கு அந்த நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தாள். மவுஸ் மேலிருந்த அவர் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். கோபத்தில் ஒன்றை மறந்துவிட்டாள்: விடுவிக்க வெளியே ஆள் வேண்டும். இருபத்தாறும் இருபத்திரண்டுமாகி, முன்பின் தெரியாத ஒருவரோடு கைகோத்திருப்பதைக் கண்டு இருவரும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்கள். பையன் மன்னிப்புக் கேட்டான். பெண் முறைத்தாள். அவன் ஓரிரு முறை வாசலைப் பார்த்தான், கூட டைப் அடிப்பவளை எதிர்பார்ப்பவன் போல, அப்புறம் பார்க்கவில்லை. லேபிள் வாங்க வந்த மருந்துக்கடைக்காரர், தன்னைவிட வயதில் மூத்தவர்கள் இருவர் சின்னப்பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பதைக் கண்டு மெக்கானிக்குக்கு போன் போட்டு, கட்டைகளை அழுத்தினார்.

அதன்பின் இருவரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். போகும்போதெல்லாம் முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கடைசியாக வரும் வாடிக்கையாளர் அழுத்திவிட்டுப் போவது என்று ஏற்பாடு. ஆனாலும் அவள் எரிச்சல் தீரவில்லை, ஆள்தான் மாறியது. உள்ளே இருக்கும் அந்த இருபத்திரண்டு வயதுக்காரிக்கு அவர் முகத்தைப் பார்த்தே பேனா நீட்டுகிறார். தனக்கு அவர் எதை நீட்டினாலும் டிவியைப் பார்த்துக்கொண்டுதான் நீட்டுவார். ஒரு மாலை மருந்துக்கடைக்காரர் அழுத்த வந்தபோது, பையன் மெல்லிய குரலில் எதையோ கேட்டான், பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மருந்துக்கடைக்காரர் நீட்டிய கையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். இருட்டிய பிறகுதான் உள்ளே வந்து அழுத்தினார்.

மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கண் கலங்கியிருந்தது. "அவகிட்ட மட்டும் வாயைத் திறந்து, என்னைக் கட்டிக்கிறியான்னு கேக்கறீங்க. என்னை உங்க அப்பாதானே வந்து கேட்டாரு? நீங்க ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

"அதுவும் நீதானே?"

"அவ வேற, நான் வேற."

அவர் ஷட்டரைப் பாதி இறக்கினார். "அவ இன்னும் பதில் சொல்லலையே" என்றார்.

"சொல்ல மாட்டா. நாளைக்கும் கேளுங்க."

மறுநாள் அவர் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். அந்தக் கடையில் லேபிளோ பில் புத்தகமோ வேண்டுமென்றால் நாலு மணிக்கு முன்பே போய்விட வேண்டும். பிந்திப் போகிறவர்கள் வெளியே நிற்கிறார்கள்.