தெருமுனையில் மிஞ்சிய குழாய்கள்

அந்த நகரத்தில் ரயில் நிலையத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் இடையே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் வேறு. ஊர் பிடித்துப்போனவர்களுக்கு அது ஒரு பாட்டை முணுமுணுத்து முடிக்கிற தூரம். பிடிக்காதவர்களுக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். இதில் யாரும் அதிசயப்பட்டதில்லை. ஆட்டோக்காரர்கள் ஏறுகிறவரிடம், "ஊரு எப்படி சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டணம் சொல்வார்கள். சும்மா வாய்க்கு வந்தபடி 'அருமை' என்று சொன்னவர்களின் சாயம் பாதி வழியிலேயே வெளுத்துவிடும், சாலை நீண்டுகொண்டே போகும். தண்டனை மாற்றலில் வந்த ஒரு வங்கி மேலாளர் விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்பி மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வங்கிக்குப் போய்ச் சேர்ந்தார். போனதும் டிபன் பாக்ஸைத் திறந்தார், மூடியதும் வீட்டுக்குக் கிளம்பினார். அதே தெருவில் புதிதாகக் கல்யாணமான ஜோடிக்கு சினிமா தியேட்டர் பக்கத்து வீட்டில் இருந்தது. எவ்வளவு பெரிய ஊர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், "யாருக்கு?" என்று திருப்பிக் கேட்பது அங்கே வழக்கம்.

ஆனால் குழாய் பதிக்கவும் விளக்குக் கம்பம் நடவும் எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு வேண்டுமே. அதற்காக நகராட்சி வெளியூரிலிருந்து ஓர் அளவையாளரை வேலைக்கு எடுக்கும். படிப்பெல்லாம் அப்புறம், இது வாழத் தகுந்த ஊரா இல்லையா என்று அவர் முடிவு செய்திருக்கக் கூடாது, அதுதான் முக்கியமான தகுதி. முடிவு செய்யாதவரின் டேப் மட்டுமே சரியாகக் காட்டும். பெரும்பாலானவர்கள் ஓரிரு வருஷத்தில் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்து வேலையை விட்டார்கள். நம் ஆள் பதினோரு வருஷம் தாக்குப்பிடித்தார். எதைக் கேட்டாலும் ஒரே பதில் சொல்வதால் ஊரில் அவருக்குப் 'பார்க்கலாம் சார்' என்று பெயர் விழுந்துவிட்டது.

முடிவு செய்யாமல் இருப்பது சோம்பேறிகளுக்கு வாய்த்த வேலை என்று நினைப்பவர்கள் அதை ஒரு வாரம் செய்து பார்க்கட்டும். பார்க்கலாம் சாருக்கு அதில் ஒரு முறை இருந்தது. ஊரில் ஏதாவது நல்லது கண்ணில் பட்டால், அன்று சாயங்காலத்துக்குள் ஒரு கெட்டதைத் தேடிப் பார்த்துச் சரிக்கட்டிவிடுவார். பஸ்ஸில் மறந்து வைத்த குடையை ஒருவர் வீடு தேடி வந்து கொடுத்தபோது, அதே கையோடு குடையை எடுத்துக்கொண்டு போய் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் திறந்த சாக்கடை அருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். குழாயில் தண்ணீர் சொன்ன நேரத்துக்கு வந்தால், மின்வெட்டை நினைத்துக்கொள்வார். மகள் படித்த பள்ளி நல்ல பள்ளி, அதனால் அதன் வாசலில் பறக்கும் புழுதியைத் தவறாமல் கவனித்தார். இப்படியே பழகிப் பழகி, சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்ற கேள்விக்குக்கூட அவரால் நேராகப் பதில் சொல்ல முடியாமல் போயிற்று.

அவருடைய மனைவி ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் வேலை பார்த்தாள். வந்த புதிதில் அவளுக்கும் கடை தொலைவில்தான் இருந்தது. பிறகு, அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு மழை நாளில், பேர் தெரியாத எதிர்வீட்டுக்காரி மாடியேறிக் கொடியில் காய்ந்த துணிகளையெல்லாம் எடுத்து மடித்து வைத்திருந்தாள். மறுநாள் கடை ஒரு தெரு அளவுக்கு நெருங்கி வந்திருந்தது. வருஷங்கள் போகப் போக மார்க்கெட், பள்ளி, மருந்துக்கடை எல்லாமே அவளுக்குக் கூப்பிடு தூரத்தில் வந்து நின்றன. கணவனுக்கோ எல்லாம் டேப் காட்டிய இடத்திலேயே இருந்தன. இருவரும் ஒன்றாகக் கிளம்பினால் அவள் போய்ச் சேர்ந்து, வேலை முடித்துத் திரும்பும்போது அவர் பாதி வழியில் எதிரே வந்துகொண்டிருப்பார். முதலில் அவள் காத்திருந்து பார்த்தாள். அப்புறம், "நான் முன்னாடி போறேங்க, நீங்க மெதுவா வாங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். அதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் காட்டிக்கொண்டதில்லை.

பதினோராவது வருஷம் வாடகை வீட்டின் சொந்தக்காரர் வீட்டை விற்கப்போவதாகவும், வேறு யாருக்கும் சொல்வதற்கு முன் அவர்களிடம் கேட்பதாகவும் வந்து சொன்னார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி பேச்சை எடுத்தாள். இங்கேயே இருக்கப்போகிறோமா, இல்லை கிளம்பப்போகிறோமா? மகளுக்கு அடுத்த வருஷம் எங்கே படிப்பு? பார்க்கலாம் சார் தண்ணீர் குடித்தார்.

"சரி, ஊரை விடுங்க. என்னைப் பத்தியாவது ஏதாவது முடிவு பண்ணிருக்கீங்களா?"

"பார்க்கலாம்" என்றார் அவர். வேண்டுமென்று சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுக்க என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் சண்டை போடவில்லை. பள்ளி விடுமுறை தொடங்கியதும் மகளைக் கூட்டிக்கொண்டு பெருநகரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். பள்ளி திறப்பதற்குள் ஒரு நேரான பதில் வராவிட்டால் மகளை அங்கேயே சேர்த்துவிட்டுத் தானும் தங்கிவிடப்போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்த வாரம் அவருக்கு அவர்கள் குடியிருந்த தெருவிலேயே வேலை இருந்தது. குடிநீர்க் குழாய் மாற்ற அளவெடுக்கவேண்டும். எடுத்தார், எழுதிக் கொடுத்தார். அவர் கணக்கு தப்பியதே இல்லை என்பதால் யாரும் சரிபார்க்கவில்லை. லாரிகளில் பெரிய பெரிய குழாய்கள் வந்து இறங்கின. பள்ளம் தோண்டி, பதித்து, மண்ணை மூடிய பிறகும் மூன்றில் ஒரு பங்கு குழாய் தெருமுனையில் மிஞ்சிக் கிடந்தது. நகராட்சிப் பொறியாளர் ஓர் அம்மாள், அதிகம் பேசாதவர். பார்க்கலாம் சாரை அவர் தெருவுக்கே வரவழைத்தார்.

"என்ன சார், முடிவு பண்ணிட்டீங்க போலிருக்கே."

பார்க்கலாம் சார் குழாய்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இத்தனை நாளாகச் சமையலறையிலிருந்து படுக்கையறைக்குப் போவதற்குள் தனக்கு மூச்சு வாங்கியது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஆமா மேடம். ஊரு நல்லா இல்ல."

"எப்போலேருந்து?"

"அவ கிளம்பிப் போனதுலேருந்து."

பொறியாளர் தலையை ஆட்டிவிட்டு அன்றைக்கே அவரை அளவை வேலையிலிருந்து விடுவித்தார். பள்ளி திறக்க இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குக் கிளம்பினார். ஏறிய பஸ்ஸில் மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப்போனார்கள், கண்டக்டர் ஷிஃப்ட் மாறினார், நிலையம் வரவில்லை. இறங்கி நடந்தார். பொழுது சாய்ந்து, மறுபடி விடிந்தது. பார்த்துப் பழகிய கடைகளுக்கு நடுவே முன்பின் பார்த்திராத வெட்டவெளிகள் முளைத்திருந்தன. கால் வீங்கி ஒரு பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது, இனிமேல் நேரத்துக்குப் போய்ச் சேரமுடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பயந்துபோய் மனைவிக்குப் போன் செய்தார்.

"நேர்ல வந்து சொல்லணும்னுதான் கிளம்பினேன். ஆனா ஸ்டேஷன் ரொம்பத் தூரமா இருக்கும்மா."

பதினோரு வருஷத்தில் எதையும் தூரம் என்றோ பக்கம் என்றோ அவர் வாயால் சொல்லி அவள் கேட்டதில்லை. அந்த ஊரில் குடியிருந்தவளுக்கு அதற்குமேல் விளக்கவேண்டியதும் இல்லை.

"அங்கேயே உக்காருங்க" என்றாள். "நடக்காதீங்க. நானே வரேன்."

அவளும் மகளும் அன்று சாயங்கால ரயிலில் வந்து இறங்கினார்கள். நிலையத்தின் வாசலைத் தாண்டியதும் அந்தப் பெட்டிக்கடை இருந்தது. அவர் வீங்கிய காலோடு எழுந்து நின்றார். அவர் இரண்டு நாள் நடந்து வந்த வழியை மூவரும், பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவதற்குள், நடந்து முடித்துவிட்டார்கள். வீட்டை வாங்கினார்கள். நகராட்சி அவரைப் பிறப்புப் பதிவுப் பிரிவுக்கு மாற்றியது; அங்கே யாருக்கும் எந்த அபிப்பிராயம் இருந்தாலும் பாதகமில்லை. ஊர் நல்ல ஊர்தானா என்று குடிவர நினைப்பவர்கள் அவரிடம் வந்து கேட்கத் தொடங்கினார்கள். தண்ணீர், பள்ளி, ஆஸ்பத்திரி, புழுதி என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, கூட யார் வருகிறார்கள் என்று விசாரிப்பார்.

மிஞ்சிய குழாய்களைப் பற்றித் தணிக்கைக்காரர்கள் கேள்வி எழுப்பினார்கள். அளவெடுத்த வாரத்தில் அளவையாளரின் மனைவி ஊரில் இல்லை என்று பொறியாளர் பதில் எழுதினார், அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. குழாய்களை யாரும் எடுத்துப்போகவில்லை. அவற்றின் மேல் பிள்ளைகள் ஏறி விளையாடினார்கள், எதிர்வீட்டுக்காரி போர்வைகளைக் காயப்போட்டாள். கடைக்குப் போகும்போது அவருடைய மனைவி தினமும் அந்த வரிசையைக் கையால் தொட்டுக்கொண்டே நடப்பாள். ஊரில் மற்ற எல்லாமே பக்கத்தில் வந்துவிட்ட அவளுக்கு, தான் இல்லாத வாரத்தில் அவர் அளந்து மிஞ்சிய அந்தக் குழாய்கள் மட்டும் நடக்க நடக்க முடிவதே இல்லை. அதனால் கடைக்குத் தாமதமாகத்தான் போனாள், யாரிடமும் குறை சொல்லவில்லை.