சூசிக்குக் குரல் கொடுத்தவள்

அப்பாவின் ஒட்டுமுடியை மடியில் வைத்துச் சீவிக்கொண்டிருந்தாள் நாடீன். ஓரங்களில் பழைய பசை கட்டிதட்டிப் போயிருந்தது. சீப்பின் நுனியால் அதைச் சுரண்டி எடுத்தாள். அடக்க நிலையத்தின் பின்னறையில் குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் வெறும் தலையோடு படுத்திருந்தார்.

நிலையத்தை நடத்தும் ஹெம்ஃபில் ஒரு புகைப்படத்தோடு வந்து நின்றார்.

"எந்த வயசு மாதிரி பண்ணட்டும்மா?"

"எழுபத்தொண்ணுங்க அவருக்கு."

"அது சரி. திருமதி டாலிவர் இந்தப் படத்தக் குடுத்துட்டுப் போயிருக்காங்க."

எந்தத் திருமதி டாலிவர் என்ற கேள்வி நாடீனின் வாய் வரை வந்தது. மூன்று பேர் இருந்தார்கள். முதலாமவள் நாடீனின் அம்மா ஓப்பல். பேக்கர்ஸ்ஃபீல்டில் இருந்துகொண்டு, "அந்தப் பழுப்பு கோட்டு போட்டு அனுப்புங்க, அது ஒண்ணுதான் அவருக்குப் பொருந்தும்" என்று போனில் சொன்னதோடு சரி. இரண்டாமவள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. மூன்றாமவள் ரமோனா. நாடீனைவிட மூன்றே வயது பெரியவள்.

படத்தில் இருந்தது ரெக்கார்டு அட்டையில் வந்த முகம். முப்பத்து நாலு வயது, வெள்ளைத் தொப்பி, தொப்பிக்குக் கீழே சொந்த முடி.

"தொப்பி வைக்க முடியாது," என்றார் ஹெம்ஃபில். "படுக்கவச்சா முன்னாடி தள்ளிக்கிட்டு வரும்."

"முடியே போதும்," என்று அதை அவர் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகும் விரல்களில் பிசுபிசுப்பு போகவில்லை.

ஊர் அறிந்த பெயர் லேன் டாலிவர். ஓக்லஹோமாவில் பெற்றவர்கள் வைத்தது ஆர்வல் டகெட். மண்புயல் வருடங்களில் குடும்பத்தோடு கலிஃபோர்னியா வந்து, ஆர்வின் ஊர்ப் பக்கம் பருத்தி எடுத்து, சாயங்காலங்களில் கூடாரங்களுக்கு நடுவே பாடி, கடைசியில் விடியற்காலை வானொலியில் கோழித் தீவனக் கம்பெனிக்காகப் பாட இடம் பிடித்தார். அங்கிருந்து ஹாலிவுட். ஒன்பது படம். எதிலும் அவர் கதாநாயகன் இல்லை. கதாநாயகனின் தோழன். கணப்புத் தீக்கு முன்னால் ஒரு பாட்டுப் பாடுவார்; பாடி முடித்தால் பெரும்பாலும் அடுத்த காட்சியில் யாராவது சுட்டுவிடுவார்கள். எட்டு வயதுக்கு மேல் நாடீன் அப்பாவை அதிகம் பார்த்தது சனிக்கிழமை மதியத் திரையரங்கில்தான்.

அவரே எழுதிப் பாடிய பாட்டுகள் நாற்பதுக்கு மேல் இருக்கும். நாடு முழுக்கத் தெரிந்தது ஒன்றுதான்: "ராத்திரி என்ன சாப்பிட்டே, சூசி?" ஊர் ஊராகச் சுற்றும் ஒருவன் வழியில் ஏதோ ஒரு கடையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்து மகளிடம் பேசுகிற பாட்டு. அவன் பாடிக் கேட்பான், சின்னப் பெண் ஒருத்தி பேச்சிலேயே பதில் சொல்வாள். நாற்பத்தொன்பதாம் வருடம் கோடையில் அந்தப் பாட்டு ஒலிக்காத சாப்பாட்டுக்கடை கிடையாது. அதற்கப்புறம் அப்படி ஒன்று அவருக்கு அமையவில்லை. தொலைக்காட்சியில் இரண்டு வருடம் ஷெரிஃபின் உதவியாளராக வந்தார். பிறகு கண்காட்சிகள், பல்பொருள் அங்காடித் திறப்பு விழாக்கள், பழைய கார் விற்கிறவர்களின் மைதானங்கள். எங்கே போனாலும் அந்த ஒரு பாட்டைத்தான் கேட்டார்கள். முப்பத்தேழு வருடம் அதைப் பாடினார்.

பதினொரு நாளைக்கு முன்னால் ரமோனா போன் செய்தாள்.

"நாடீன், என்னால தனியா அவரப் புரட்ட முடியல. முதுகெல்லாம் புண்ணாயிடும்போல இருக்கு. வர முடியுமா?"

வேறொன்றும் சொல்லவில்லை. நாடீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இரண்டு வாரம் விடுப்பு சொல்லிவிட்டு மலையைத் தாண்டி வான் நைஸில் அப்பாவின் வீட்டுக்கு வந்தாள். இரண்டு பெண்களும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. கஞ்சி, மருந்து, துணி, மறுபடி கஞ்சி. அவர் பேச்சு முன்பே நின்றுவிட்டிருந்தது. கண் திறக்கும்போது நாடீனைப் பார்ப்பார். யாரென்று தெரிந்து பார்த்தாரா என்று அவளால் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு விரிப்பு மாற்றினார்கள். ரமோனா தோளைப் பிடித்து அவரைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். நாடீன் பழைய விரிப்பைச் சுருட்டித் தள்ளி, புதியதை நீவி விட்டாள். பிறகு இந்தப் பக்கம் சாய்த்தார்கள். நான்கு மூலையும் செருகி முடித்து நிமிர்ந்தபோதுதான் ரமோனா, "கொஞ்சம் இரு," என்றாள். இருவரும் நின்று கேட்டார்கள். கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பியபோது போனார் என்று இருவருக்கும் தெரியவில்லை.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அடக்க ஆராதனை. நாற்பது பேர் வந்திருந்தார்கள். ரசிகர் மன்றத்து ஆள் ஒருவர் சரிகைத் தையல் போட்ட சட்டையில், வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் நாடீனைக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தா, அவங்கதான் சூசி."

கிழவிகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "எங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டினாரு. அந்தப் பாட்டக் கேட்டுட்டு வண்டிய ஓரங்கட்டிட்டு வீட்டுக்குப் போன் பண்ணுவாரு," என்றாள் ஒருத்தி. "எம்மாம் பாசம் உங்கப்பாவுக்கு."

"ஆமாங்க," என்றாள் நாடீன். சூசி நான் இல்லை, ரெக்கார்டில் பேசியதும் நான் இல்லை என்று சொன்ன காலம் உண்டு. சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடும். பிறகு அவர்களை வேறு தேற்ற வேண்டும். ஆமாம் என்றால் ஒரு நிமிடத்தில் முடியும்.

போதகர் பேசி அமர்ந்ததும் பாட்டைப் போட்டார்கள். அப்பாவின் குரல் கூடத்தில் நிறைந்தது. பிறகு சூசியின் குரல், மூக்கால் லேசாக உறிஞ்சிக்கொண்டு: "சூப்பும் ரொட்டியும். உங்களுக்கும் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்பா." வரிசை வரிசையாகத் தலைகள் நாடீன் பக்கம் திரும்பின. அவள் தன் கைப்பையின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வயதில் முதன்முதல் இதைக் கேட்டபோது, அப்பா வேறெங்கோ ஒரு பெண்ணை வளர்க்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணை வெகுநாள் வெறுத்தாள். அது ஒரு வளர்ந்த பெண்பிள்ளை, கூலிக்குப் பேசினாள் என்று அம்மா சொன்னபோதும் வெறுப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

புதைத்துவிட்டு வந்து பக்கத்துக் கூடத்தில் காப்பியும் பன்றித்தொடைக் கறியும் உருளைக்கிழங்கு சாலடும் சாப்பிட்டார்கள். கூட்டம் கரைந்த பிறகு சுவரோரம் ஒரு கிழவி மட்டும் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில் கால் தரையைத் தொடாத அளவுக்குச் சின்ன உருவம். நீலத் தொப்பி.

"இந்தம்மாவுக்கு வண்டி இல்லயாம்," என்றாள் ரமோனா. "ரெண்டு பஸ் மாறி வந்திருக்காங்க இந்த வெயில்ல. பர்பாங்க்ல வீடு. நீ கொண்டு விட்டுடறியா? நான் இந்தத் தட்டுங்கள முடிச்சிடறேன்."

"நான் கழுவறேன், நீ போயிட்டு வா."

"வேணாம், நாடீன். கார்ல உக்காந்தா நான் அழுதுடுவேன். தட்டுன்னா பரவால்ல."

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கிழவி சொன்னாள்: "ரொம்ப நன்றி கண்ணு. உனக்கு வேற எத்தன வேலையோ."

நாடீனின் கை சாவியிலேயே நின்றுவிட்டது. அறுபத்தெட்டு வயது முகத்திலிருந்து சூசியின் அந்தக் குரல் வந்தது. கொஞ்சம் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"நீங்களா," என்றாள்.

"நான்தான். லுவெல்லா பிக்ஸ்பி. அங்க வச்சே சொல்லியிருப்பேன். எல்லாரும் உன்னச் சூசி சூசின்னாங்க, நீயும் ஆமாம்னுட்டிருந்தே. நடுவுல புகுந்து கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

நாடீன் வண்டியை எடுத்தாள். விக்டரி சாலையில் வெயிலில் கண் கூசியது.

"இதான் உங்க தொழிலா?"

"வானொலி நாடகத்துல குழந்தைங்க. முக்கியமா அழுற குழந்தைங்க. தொட்டில்ல ஏதாச்சும் அழுதுதுன்னா அது பாதி நான்தான். ஒரே நாள்ல மூணு நிலையத்துல பொறந்திருக்கேன்." லுவெல்லா சிரித்தாள். "டிவி வந்தாப்புறம் யாருக்கும் வேணாமாப்போச்சு. என் மூஞ்சியப் பாத்துட்டு யாரு குழந்தைன்னு நம்புவாங்க. அப்புறம் இருபது வருஷம் பல் டாக்டர் ஒருத்தர்கிட்ட போன் எடுத்தேன். போன் பண்றவங்க எல்லாம், 'பாப்பா, அம்மா இருக்காங்களா'ம்பாங்க."

நாடீனுக்கும் சிரிப்பு வந்தது. பதினொரு நாளில் முதல் தடவை. அது முகத்தில் எங்கோ வலித்தது.

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது.

"உன்னப் பாக்கணும்னு ரொம்ப நாளா நெனப்பு," என்றாள் லுவெல்லா. "அது நீ பேச வேண்டியது தெரியுமா? கம்பெனிக்காரங்க நிஜப் பொண்ணே வரணும்னு நின்னாங்க. பத்திரிகைக்குப் படம் எடுக்கக்கூட ஆள் வந்திருந்தான். உங்கப்பாவும் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருந்தாராம். பாத்தா ஒத்தையா வந்து நிக்கறார்."

"என்ன சொன்னார்?"

"உனக்குக் காய்ச்சல்னார். நூத்தி ரெண்டுன்னு டிகிரி மொதக்கொண்டு சொன்னார். ராத்திரி முழுக்க ஈரத்துணி போட்டு உக்காந்திருந்தோம், நானும் அவ அம்மாவும்னார். அதான் அவசரமா என்னக் கூப்பிட்டாங்க. ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழம. புனித வாரத்துல கூப்பிடறாங்களேன்னு எங்கம்மா திட்டினா, அதனால மறக்கல."

பின்னாலிருந்து ஒரு வண்டி ஒலியெழுப்பியது. விளக்கு பச்சையாகியிருந்தது.

அந்த ஈஸ்டர் நாடீனுக்கு நினைவிருந்தது. பெரியம்மாவின் வீட்டில், ஆயில்டேலில், வெங்காயச் சருகு போட்டு முட்டைகளுக்குச் சாயம் ஏற்றினார்கள். அதற்குப் பத்து நாள் முன்னாலேயே அம்மா தையல் மிஷினையும் ஒரு பெட்டியையும் மாமாவின் டிரக்கில் ஏற்றி, அவளையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டிருந்தாள். வெளியூர் போயிருந்த அவர் வெறுமையான வீட்டுக்கு எந்த நாள் திரும்பி வந்தார் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. பெரியம்மாவின் வீட்டில் போனும் இல்லை. ஐந்து வருடம் கழித்துத்தான் வந்தது.

"நல்லாப் பாடினாரா?"

"பாட்டெல்லாம் ஒரே தடவையில வந்துடுச்சு. நான் பதில் சொல்ற எடத்துலதான் தகராறு. நான் சொல்லி முடிச்சதும் அவர் மறுபடி எடுக்கணும். எடுக்கவே மாட்டேங்கறார். சும்மா நிக்கறார். மறுபடி, மறுபடி. பேண்டுல ஒருத்தன் கடிகாரத்தப் பாக்கறான். கடைசியில உங்கப்பா என்கிட்ட வந்து, 'தப்பா நெனச்சிக்காதீங்க, நான் சுவரப் பாத்துத் திரும்பிக்கறேன்'னார். அப்படியே திரும்பி நின்னு பாடிட்டார். எம்மூஞ்சி அவ்வளவு மோசமான்னு நான் வீட்ல போயி கண்ணாடி பாத்தேன்."

நாடீன் சாலையைப் பார்த்து ஓட்டினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறவளின் ஓட்டம். ஒவ்வொரு சந்திலும் வேகத்தைக் குறைத்தாள்.

"அப்புறம் அவரப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவ. கண்காட்சியில ஒரு தடவ, மருந்துக் கடையில ஒரு தடவ. அங்கயும் கேட்டேன், பொண்ணு எப்படியிருக்கான்னு. நல்லாருக்கா, பெரியவளாயிட்டான்னார்." லுவெல்லா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "நான் மாத்திரம் சும்மா அப்பப்ப நெனச்சிக்குவேன். பாவம், அந்தப் பொண்ணு பேர் வாங்க வேண்டியது, காய்ச்சலால நமக்கு வந்துதேன்னு. அது சீக்கிரம் சரியாயிடுச்சா, கண்ணு?"

எதிரில் ஐஸ்கிரீம் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு திரும்பியது. அது போகட்டும் என்று நாடீன் வழிவிட்டாள்.

"சரியாயிடுச்சு," என்றாள். "ரெண்டே நாள்ல."

"ரொம்பப் படுத்திடுச்சோ?"

"இல்ல. அப்பா பக்கத்துலயே இருந்தார்."

"நெனச்சேன்," என்றாள் லுவெல்லா. "மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சுது, தூங்காத மொகம்."

அதற்குப் பிறகு அவள் தெருவின் பெயரைச் சொன்னாள்; எண்ணைச் சொன்னாள்; வாசலில் எலுமிச்சை மரம் இருக்கும் என்றாள். இரண்டு தெரு கடந்து நாடீன் எதையோ கேட்கத் திரும்பியபோது கிழவி தூங்கிவிட்டிருந்தாள். தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

எலுமிச்சை மர வீட்டின் முன்னால் நாடீன் வண்டியை மெல்ல நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள். எழுப்பத் தோள் வரைக்கும் கையைக் கொண்டுபோனவள், தொடவில்லை. தன் பக்கத்துக் கண்ணாடியைப் பாதி இறக்கினாள், காற்று வரட்டும் என்று. கிழவியின் முகத்தில் விழுந்த வெயிலுக்கு, முன்கண்ணாடிக்கு மேலிருந்த மறைப்பை இறக்கி விட்டாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளை ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தெருவில் யாரோ புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள்.