எதையும் எடுக்காத கோடாலி

டிராகன் ஒன்று வந்துவிட்டால் போதும், அது ரோல்-பிளேயிங் கேம், அதாவது கணினியில் ஒரு பாத்திரமாக மாறி ஆடும் கேம், என்று எழுதிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டிராகனைத் துப்பாக்கியால் சுடும் கேம் இருக்கிறது, டிராகன் முதுகில் ஏறிப் பந்தயம் விடும் கேமும் இருக்கிறது. எண்கள் ஏறவேண்டும், லெவல் கூடவேண்டும் என்பார்கள் சிலர். இப்போது கால்பந்து கேமில்கூட லெவல் கூடுகிறது. கேம்களைப் பற்றி எழுதித்தான் நான் பிழைக்கிறேன். அதனால் இந்தச் சண்டையை எந்நேரமும் யாரிடமாவது இழுத்துக்கொண்டே இருப்பேன்.

அந்த வாரம் ஆசிரியர் ஒரு கட்டுரை கேட்டிருந்தார். மூன்று மாயலோக கேம்களை ஒப்பிட்டு, இந்த வகைக்கு எதுதான் அடையாளம் என்று சொல்லவேண்டும். சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் மூன்று பேர் அவரவர் வீட்டிலிருந்து சேர்ந்து ஆடுவது வழக்கம். நான், என் தங்கை, ஒரு பல் டாக்டர். அவர்கள் இருவருக்கும் ஒரே ஊர், ஆனால் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. நான் இருக்கும் ஊரிலிருந்து அங்கே போக ரயிலில் ஒரு பகல் முழுக்க ஆகும்.

டாக்டர் ஹெட்செட்டை மாட்டினால் ஆளே மாறிவிடுவார். பகலெல்லாம் வாயைத் திற, துப்பு என்று சொல்லிச் சொல்லி அலுத்த மனிதர், மாலையில் முனிவராகிச் செந்தமிழில் முழங்குவார். வேடத்தில் நின்று பேசினால்தான் ரோல்-பிளேயிங், மற்றதெல்லாம் வெறும் கூட்டல் கழித்தல் என்பது அவர் கட்சி. தங்கை அதற்கு நேர் எதிர். அடி, எடு, லெவல் ஏறு, அவ்வளவுதான் அவளுக்கு. பாத்திரங்கள் பேசத் தொடங்கினாலே தாண்டிப் போய்விடுவாள். செத்த பூதத்தின் செருப்பைக்கூட விட்டுவைக்கமாட்டாள். தன் பாத்திரத்துக்கு ஒழுங்காக ஒரு பெயர் வைக்கக்கூடப் பொறுமையில்லை, கையில் கோடாலி இருந்ததால் கோடாலி என்றே வைத்துவிட்டாள். நாம் செய்ததை அந்த உலகம் மறக்காமல் வைத்திருக்கவேண்டும், நல்லதானாலும் கெட்டதானாலும் அது நம் தலையில் வந்து விடியவேண்டும் என்பது என் கட்சி. இதைச் சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைக் கிண்டல் செய்வார்கள்.

தங்கைக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை தங்கமான மனுஷன் என்று அம்மா பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகத் தங்கையின் போன் பழுது என்று அவள் செய்திகள் மாப்பிள்ளை போனிலிருந்து வந்தன. வேலையையும் விட்டுவிட்டாளாம். வீட்டில் ஓய்வாக இருக்கட்டும் என்று நினைத்தேன். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

அந்த மாலை மூன்றாவது கேம். கட்டுரைக்கு உதவுமே என்று எங்கள் பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். நான் அரசி, டாக்டர் வழக்கம்போல முனிவர். காட்டுக்குள் நுழைந்ததுமே தங்கை பேசினாள்.

"அரசியாரே, என் கோட்டைக் கதவு பூட்டியிருக்கிறது. சாவி காவலனிடம். அவன் என் அருகிலேயே நிற்கிறான்."

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் தன்னைக் கேலி செய்தவள் வேடம் கட்டிவிட்டாளே என்று நெகிழ்ந்துபோய், வீராங்கனையே வாழ்க என்று வாழ்த்து மழை பொழிந்தார். எனக்கும் கொண்டாட்டம்தான். கட்டுரைக்கு நல்ல திருப்பம் கிடைத்துவிட்டதென்று நானும் குரலைக் கனமாக்கிக்கொண்டு, கோட்டையை விட்டு ஓடுவது வீரத்துக்கு அழகல்ல, காவலன் சொற்படி நட என்று ஆணையிட்டேன்.

கோடாலி நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு, "ஆகட்டும் அரசியாரே" என்றாள்.

அதற்குள் ஒரு காட்டுப்பன்றி வந்து மூன்று பேரும் அதை அடித்துச் சாய்த்தோம். அது கிடந்த இடத்தில் பொன்னும் ஒரு நல்ல வாளும் மின்னின. கோடாலி அவற்றைத் தாண்டி நடந்தது. நின்றது. திரும்பி வந்து வாளின் மேலேயே சுற்றிச் சுற்றி வந்தது. ஆனால் எடுக்கவில்லை.

அந்தக் கேமில் நடப்பதும் அடிப்பதும் மவுஸில், வலது கை வேலை. கீழே கிடப்பதை எடுக்க மட்டும் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். அது இடது கைக்கான வேலை. அவளுக்கு எடுக்க ஆசையில்லாமல் இல்லை, எடுக்கக் கை இல்லை என்று எனக்கு மெல்லத்தான் உறைத்தது. அப்போது அவள் மைக்குக்கு மிக அருகில் ஓர் ஆண் தொண்டையைச் செருமினான்.

கேம் என்றாலே முகம் சுளிக்கும் மாப்பிள்ளை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். போன் பழுதாகவில்லை. சனிக்கிழமை அவள் வராவிட்டால் நான் கேள்வி கேட்பேன் என்றுதான் இதை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். பூட்டிய வீட்டில் இருந்துகொண்டு அவள் என்னிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நானோ அவன் சொற்படி நட என்றிருக்கிறேன்.

டாக்டருக்கு மட்டும் தெரியும்படி தட்டச்சு செய்தேன். வேடத்தைக் கலைக்காதீர்கள், இது நிஜம், புருஷன் பக்கத்தில் இருக்கிறார் என்று எழுதி, தங்கையின் வீட்டு முகவரியையும் போட்டேன். அவசரத்தில் எழுத்தெல்லாம் தாறுமாறாக விழுந்தது. எங்கே பதறிப்போய் எதையாவது உளறிவிடுவாரோ என்று எனக்கு உயிரே இல்லை. ஆனால் மனிதர் முனிவராகவே பேசினார்.

"வீராங்கனையே, காயம் எந்தக் கரத்தில்?"

"இடது கரத்தில், முனிவரே."

"விரல்கள் அசைகின்றனவா?"

"இரண்டு அசைகின்றன. மற்றவை அசையவில்லை." மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. "பொழுது சாய்ந்ததும் காவலன் என்னை வேறு கோட்டைக்குக் கொண்டுபோகிறான். அங்கிருந்து உங்களுடன் பேச முடியாது."

அவ்வளவுதான். முனிவர் மறுபடி பேசத் தொடங்கும்போதே ஹெட்செட் எதிலோ உரசியது. பிறகு மாப்பிள்ளையின் குரல், எப்போதும்போல அடக்கமாக.

"அக்கா, நல்லாருக்கீங்களா? அந்த ஆம்பளைக் குரல் யாரு?"

பல் டாக்டர், எனக்குத் தெரிந்தவர், வயதானவர் என்றேன். வயதை நானாகக் கூட்டிச் சொன்னேன். என்ன இதெல்லாம், கோட்டை, காவலன் என்று கேட்டார். ரோல்-பிளேயிங் கேம் மாப்பிள்ளை, என் கட்டுரைக்காக நான்தான் அவளை இப்படிப் பேசச் சொன்னேன் என்றேன். அதற்குள் திரையின் ஓரத்தில் டாக்டரின் எழுத்து ஓடியது: மைக்கை அணைத்துவிட்டேன், போலீஸிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், அவரை விடாதீர்கள்.

அவரை விடாமல் பிடித்துவைக்க என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அந்தப் பாழாய்ப்போன கட்டுரை. ஹெட்செட் அவர் காதில் இருக்கும்வரை அவர் அந்த நாற்காலியை விட்டு எழமாட்டார். ஆகவே வாத்தியார் மாதிரி தொடங்கினேன். முதல் கேமில் எல்லாம் எண்கள், எவ்வளவு அடித்தாயோ அவ்வளவு பலம். இரண்டாவதில் நாம் பேசுகிற பேச்சுக்கு ஏற்ப ஊர் மாறும். மூன்றாவதில் செத்தால் செத்ததுதான், பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. எதிராளியை ஒரு வாக்கியத்தில் மடக்கிப் பழகியவள் நான். அன்று ஒவ்வொரு வாக்கியத்தையும் இழுத்தேன், அவர் குறுக்கே பேச வசதியாக இடம் விட்டேன்.

அவருக்குச் சுவாரஸ்யம் வந்துவிட்டது. "இதுல கெட்டவனா ஆட முடியுமா?"

"முடியும். ரெண்டாவது கேம்ல ஊரே பயப்படும்."

"பயந்தா?"

"கடைக்காரன் விலையைக் குறைச்சுக் கொடுப்பான்."

"அப்ப லாபம்தான்." சிரித்தார். "கூட இருக்கறவங்க?"

"அவங்க ஒரு நாள் சொல்லிக்காம விட்டுட்டுப் போயிடுவாங்க" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அந்தக் கேமில் அப்படித்தான். சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நாற்காலி கிறீச்சிட்டது. அவர் தங்கையின் பக்கம் திரும்புகிறார் என்று தெரிந்தது.

"எங்க போவாங்க?"

"அதான் மாப்பிள்ளை, அந்த இடம் சரியாவே வரல. காரணமே இல்லாம போறாங்க. அதுக்குத்தான் மார்க்கைக் குறைச்சிருக்கேன்."

"குறைங்க. நல்லாக் குறைங்க" என்றார். நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது.

திரையின் ஓரத்தில் போலீஸ் கிளம்பிவிட்டது என்று வந்தது. எங்கிருந்து கிளம்பியது, எவ்வளவு தூரம், ஒன்றும் இல்லை. இவரோ அலுத்துப்போய், சரி அக்கா, அவளுக்கு வேலை கிடக்கு, பெட்டி கட்டணும் என்றார். நான் கெஞ்சினேன். கேமே ஆடாத ஒருவர் முதல்முறை ஆடினால் என்ன செய்வார் என்று என் கட்டுரைக்கு ஓர் ஆள் வேண்டும், உங்களைப்போல யோசிக்கத் தெரிந்தவர் கிடைக்கமாட்டார் என்று ஐஸ் வைத்தேன். ஐஸுக்கு மயங்காதவர் யார்? ஒரு பாத்திரத்தை உருவாக்கும் திரையைத் திறக்கச் சொன்னேன்.

இந்த வகை கேம்களை ஆடாதவர்களுக்கு இது தெரியாது. கேம் தொடங்குவதற்கு முன் ஆளைச் செய்யவேண்டும். பலம் எவ்வளவு, அறிவு எவ்வளவு, புருவம் எப்படி, தாடை எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கும். மூக்கைச் சரி செய்வதிலேயே ஒரு மாலையைக் கழித்துவிட்டு ஆடாமலே தூங்கப்போனவர்களை எனக்குத் தெரியும். கட்டுரையின் முதல் பிரதியில் அதை நேரவிரயம் என்று திட்டியிருந்தேன்.

அவர் இருந்த புள்ளிகள் அத்தனையையும் பலத்தில் போட்டார். முகத்துக்கு வந்தபோது தன் முகத்தைப் போலவே வரவேண்டும் என்றார். மூக்கு கொஞ்சம் பெரிதாகிவிட்டது, குறைத்தால் சப்பையாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் நுனியைத் தூக்குங்கள் மாப்பிள்ளை, இப்போது அகலத்தைக் குறையுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவருக்குப் பின்னால் தங்கையிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவள் இருக்கிறாளா, நின்றுகொண்டிருக்கிறாளா, விழுந்துவிட்டாளா, எதுவும் தெரியாமல் அந்தக் கேடுகெட்ட மூக்கை அழகாக்கிக்கொண்டிருந்தேன்.

கதவு தட்டப்பட்டது.

"ஒரு நிமிஷம் அக்கா" என்று ஹெட்செட்டை மேஜையில் வைத்தார். மைக் திறந்தே இருந்தது. பூட்டுத் திறக்கும் சத்தம், பிறகு ஒரு பெண் போலீஸின் குரல். இவர் சிரித்துப் பேசினார். கேம் ஆடிக்கொண்டிருந்தோம் மேடம், இவள் அக்கா கேம் பற்றி எழுதுகிறவர், கோட்டையில் மாட்டிக்கொண்ட மாதிரி நடிக்கச் சொன்னார், அதைக் கேட்டு யாரோ பயந்துவிட்டார்கள், வேண்டுமானால் திரையைப் பாருங்கள் என்றார். வார்த்தைக்கு வார்த்தை நான் எடுத்துக்கொடுத்தது. பெண் போலீஸ் தங்கையிடம் அப்படியாம்மா என்று கேட்டார்.

"ஆமா மேடம். விளையாட்டுதான்" என்றாள் தங்கை.

நான் மைக்கில் கத்தினேன், பொய், நம்பாதீர்கள் என்று. மேஜைமேல் கிடக்கும் ஹெட்செட்டிலிருந்து அது கொசு ரீங்காரமாகக்கூடக் கேட்டிருக்காது. பூட்ஸ் சத்தம் வாசலை நோக்கி நகர்ந்தது. சரி, தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்று பெண் போலீஸ் சொல்லிக்கொண்டிருந்தார். இனி என் தங்கையை உயிரோடு பார்க்கமாட்டேன் என்று நினைத்தேன்.

"மேடம், போகாதீங்க." தங்கையின் குரல் உடைந்திருந்தது. "என் கையைப் பாருங்க. இவர்தான் பண்ணார். நான் விளையாடல."

அவர் ஏதோ சொல்ல வந்தார். தள்ளி நில்லுங்க சார் என்றது பெண் போலீஸின் குரல், இப்போது வேறு மாதிரி. நாற்காலி சரிந்தது, பல பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். பூட்ஸ் சத்தம் அவரையும் கூட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கியது. அதன் பிறகு யாரோ ஹெட்செட்டை எடுத்து, லைனில் யார் என்று கேட்டார்கள்.

"அவ அக்கா" என்றேன்.

கை உடைந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம், உடனே கிளம்பி வாருங்கள் என்றார் பெண் போலீஸ். பிறகு ஹெட்செட் தங்கையிடம் போனது.

"அவரை இன்னும் வண்டியில ஏத்தல. கீழ நின்னு ஜன்னலையே பாக்கறார்" என்றாள். பல் கிட்டித்துப்போய்ப் பேசினாள். "அக்கா, எதையாவது பேசிட்டே இரு."

வாயைத் திறந்தேன். அவனிடம் அவ்வளவு நேரம் வாய் ஓயாமல் பேசியவளுக்கு இவளிடம் பேச ஒரு சொல் கிடைக்கவில்லை. அழுகைதான் வந்தது, அடக்கமுடியாமல், அசிங்கமாக.

"பரவாயில்ல, அழு" என்றாள் தங்கை. "நிறுத்திடாத."