எஞ்சினுக்குள் தண்ணீர்

“அப்பா, என்ர இடுப்பை இறுக்கிப் பிடியுங்கோ. என்ன நடந்தாலும் விடாதேங்கோ.”

பைக்கின் பின்னால் இருந்த கொன்ஸ்ரன்ரைன் மகளைப் பிடித்துக்கொண்டார். முன்னால் வீதியே இல்லை. களனி கங்கை இரவோடு இரவாக வெல்லம்பிட்டிக்குள் புகுந்து, கடைப் பலகைகளைத் தொட்டுக்கொண்டு மண் நிறத்தில் ஓடியது.

முந்தின நாள் மத்தியானம் மனைவி றோசலினுக்குக் கசாயம் வாங்கத்தான் அவர் இங்கே வந்தார். மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவளுக்கு இந்த ஊர்ச் சிங்கள வைத்தியரின் கசாயம் கொஞ்சம் கேட்டது. திரும்புவதற்குள் பாதை அடைபட்டுவிட, வைத்தியரின் மேல்மாடியிலேயே தங்கினார். விடிந்ததும் கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து மகன் பிரதீஸ் போனில் பேசினான். “அம்மாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இருக்கு. உங்களைத்தான் கேக்கிறா.”

பஸ் இல்லை. வள்ளங்கள் கைக்குழந்தைகளை ஏற்றிக்கொண்டிருந்தன. செய்வதறியாமல் அவர் நின்றபோதுதான், மகள் மெற்றில்டா தன் ட்ரெயில் பைக்கில் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்தாள்.

அந்தப் பைக் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவருக்கும் அவளுக்கும் பேச்சுக் குறைந்திருந்தது. அவளுக்குப் பம்பலப்பிட்டியில் கணக்காளர் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் மலைநாட்டுச் சேற்றில் ஓட்டம். பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் பைக்கைக் கண்டு முகம் சுளித்தார்கள். அவள் ஓட்டுவதை அவர் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

இப்போது பார்த்தார். அவள் மிதியில் எழுந்து நின்றாள். முதல் கியரிலேயே, கூட்டாமல் குறைக்காமல், ஒரே சீராக எஞ்சினை உறும விட்டாள். முன்சக்கரம் எழுப்பிய அலை இரண்டு பக்கமும் விலகிப் போக, பள்ளத்தைத் தொட்டபோது தண்ணீர் பெற்றோல் தாங்கிவரை ஏறியது. கீழே என்ன கிடக்கிறதென்று தெரியாத அந்தத் தண்ணீரில் அவள் ஒருதரமும் கால் ஊன்றவில்லை.

எதிரே நிவாரணச் சாமான் ஏற்றிய லொறி ஒன்று வந்தது. அதன் அலை பைக்கை அப்படியே மூடியது. எஞ்சின் விக்கியது. மெற்றில்டா சட்டென்று சுவிட்சை அணைத்தாள். இருவரும் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். கசாயப் போத்தல் எங்கே நழுவியதென்று அவர் கவனிக்கவேயில்லை.

“உதை, பிள்ளை! ஸ்டார்ட் பண்ணு!”

“இப்ப உதைச்சா உள்ளுக்க நிக்கிற தண்ணி எஞ்சினை உடைச்சுப்போடும், அப்பா. முதல்ல அதை எடுக்கோணும். தள்ளுங்கோ.”

பூட்டிய கடையொன்றின் உயர்ந்த சீமெந்துத் தளத்துக்குத் தள்ளி ஏற்றினார்கள். அரிசி மூடைகளோடு அங்கே ஒதுங்கியிருந்த கடைக்காரரிடம், “அய்யே, மே பெத்த அல்லன்ன,” என்று சிங்களத்தில் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னாள். அவர் ஒரு பக்கம் பிடிக்க, பைக்கைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தினார்கள். சைலன்சரிலிருந்து தண்ணீர் குடம் சரிந்ததுபோலக் கொட்டியது. இறக்கி வைத்து, சீற்றைக் கழற்றி, காற்று வடிகட்டியின் பஞ்சைப் பிழிந்தாள். காபரேட்டரின் அடித்திருகைத் திறந்து வடியவிட்டாள். எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக உதைத்தாள். பிளக் துளையால் தண்ணீர் சீறிப் பாய்ந்தது.

கொன்ஸ்ரன்ரைனின் சட்டைப்பையில் போன் அடித்தது. பிரதீஸ்.

“அப்பா, அம்மாவின்ர காதில போனை வைக்கிறன். கதையுங்கோ.”

மறுபக்கத்தில் றோசலினின் மூச்சு கேட்டது. இழுத்தது. நின்றது. வெகுநேரம் கழித்து மறுபடி இழுத்தது.

“றோசி, நான்தான். வாறம். பிள்ளை கூட்டிக்கொண்டு வாறாள்.”

மெற்றில்டாவுக்கும் அந்த மூச்சு கேட்டது. துளையால் வெறும் காற்று மட்டும் வரும்வரை உதைத்தாள். சட்டையின் உள்விளிம்பில் பிளக்கைத் துடைத்து, ஊதி, நிதானமாக முடுக்கினாள். இவளை நாங்கள்தானா பெற்றோம் என்று கொன்ஸ்ரன்ரைன் பார்த்துக்கொண்டே நின்றார்.

முதல் உதைக்கு எஞ்சின் இருமியது. அடுத்ததற்கு வெண்புகை கக்கி அணைந்தது. அதன் பிறகு பிடித்துக்கொண்டது. கடைக்காரர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார்.

கொட்டாஞ்சேனை மேட்டில் தண்ணீர் இல்லை. அறைக்குள் போனபோது றோசலின் கண் திறந்தாள். சேறு சொட்ட நின்ற இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீயோ பைக் ஓடினனீ?”

“ஓம் அம்மா.”

“அப்பா பயந்தவரே?”

“பயந்தனான்,” என்றார் கொன்ஸ்ரன்ரைன், கட்டிலின் பக்கம் முழந்தாளிட்டு.

றோசலினின் உதடு சிரிப்பதுபோல அசைந்தது. அவர் அவளது கையை எடுத்தார். மூச்சு ஒன்று வெளியே போனது. அடுத்ததற்காக எல்லாரும் காத்திருந்தார்கள். அது எவ்வளவு இலேசாக நின்றுபோனதென்றால், நின்றது எப்போதென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கொன்ஸ்ரன்ரைன் அசையாமல் இருந்தார். கோயிலுக்குள் நிற்பதுபோல இருந்தது அவருக்கு.

பின்னேரம் பெண்கள் செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். மகளைக் காணவில்லையென்று அவர் பின்பக்கம் போனார். சேற்று உடுப்போடு பைக்கின் அடியில் குந்தியிருந்து, ஒரு கையில் நட்டுக் கழற்றும் சாவியோடு, எஞ்சினிலிருந்து ஒயிலை ஒரு பேசினுக்குள் வடியவிட்டுக்கொண்டிருந்தாள். அது கறுப்பாக இல்லை. பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

“தண்ணி கலந்திட்டுது, அப்பா,” என்றாள் திரும்பாமல். “இதை முழுக்க எடுக்கோணும்.”

அவளுடைய தோள்கள் குலுங்கின. கீழே பேசின் ஒருபக்கம் சரியத் தொடங்கியது. கொன்ஸ்ரன்ரைன் சாரத்தை ஒதுக்கி நிலத்தில் குந்தி, இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.