குடித்தனக்காரருக்குத் தண்ணீர்

அவளுடைய தம்பி இறந்துபோய் மூன்றாவது வாரம், அவன் குடியிருந்த மாடி அறையைக் காலி செய்யும்போது யாருக்கும் வேண்டாம் என்று மிஞ்சியது ஒரு கண்ணாடித் தொட்டி. கட்டிலையும் ஃப்ரிட்ஜையும் வீட்டு உரிமையாளர் அம்மாவே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். துணிமணிகள் ஒரு மூட்டைக்குள் அடங்கிவிட்டன. தொட்டியைச் சுற்றி மட்டும் எல்லோரும் விலகி நடந்தார்கள்.

தொட்டிக்குள் ஒரு சாண் உயரத்துக்கு ஈரமணல் இருந்தது. அதன்மேல் இரண்டு துறவி நண்டுகள். காலியான சங்கு ஒன்றைத் தேடிப்பிடித்து உடம்பை அதற்குள் நுழைத்துக்கொண்டு, போகிற இடமெல்லாம் அதையும் இழுத்துக்கொண்டு போகிற ஜாதி. தம்பி பெரியதற்கு வீட்டுக்காரர் என்றும் சிறியதற்குக் குடித்தனக்காரர் என்றும் பெயர் வைத்திருந்தான்.

"பாவம், நான்தான் கேரட்டு போட்டு, கிணத்துத் தண்ணி ஊத்தினேன். எனக்கு இதுங்களைப் பாத்தாலே உடம்பு கூசுது. எடுத்துட்டுப் போயிடும்மா" என்றார் அந்த அம்மா.

அவள் எடுத்துக்கொண்டாள். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவளுக்குத் தோன்றவில்லை. இந்த மூன்று வாரமாகவே அப்படித்தான். பஸ்ஸுக்கு நின்றிருந்த தம்பி, முப்பத்தெட்டு வயதில், பெஞ்சில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தபோது, அவள் கையிலிருந்த சோதனைக் குழாயைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். அவள் அழவில்லை. கல்லு மாதிரி நிக்கறா என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கல் என்றால் கல், இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியை ஜன்னலோரம் வைத்து, கிண்ணத்தைக் குழாயடியில் பிடித்து நிரப்பினாள்.

அவள் வேலை பார்ப்பது ஊருக்கே தண்ணீர் அனுப்பும் சுத்திகரிப்பு நிலையத்தில். எத்தனை லிட்டருக்கு எவ்வளவு மருந்து என்று சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்ப்பதால் அங்கே அவளுக்குப் பெயரே சொட்டு மேடம். குழாயில் என்ன வருகிறது என்று ஊரில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. அவள்தான் நிரப்பினாள்.

மூன்றாம் நாள் பெரிய நண்டு வீட்டுக்காரர் பாதி உடம்பு சங்குக்கு வெளியே தொங்கக் கிடந்தார். தொட்டால்கூட உள்ளே போகவில்லை. தொட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் நண்டு வாங்கிய கடையின் எண் இருந்தது. கூப்பிட்டாள்.

"குழாய்த் தண்ணியவா வச்சீங்க?" கடைக்காரர் குரல் இறங்கியது. "குளோரின் அதுங்க செவுளை அரிச்சுடும்மா. ஒரு நாள் பூரா தொறந்து வச்சுட்டு அப்புறம் ஊத்தணும். எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லி விக்கிறேன்."

"இனிமே அப்படி வச்சாலும் போகாது" என்றாள். "ரெண்டு மாசமா குளோரினோட அமோனியாவும் சேத்துப் போடறோம். அது லேசுல காத்துல போகாது."

"போடறோம்னா... நீங்க யாரு?"

"தண்ணி ஆபீஸ்."

"அப்ப உங்களுக்கே தெரியுமே மேடம்."

போனை வைத்தவள், அதே போனில் தம்பியின் பழைய செய்திகளைத் திறந்தாள். இத்தனை நாளாகத் திறக்கவில்லை. கடைசிக்கு முந்தையதாக ஒரு குரல் பதிவு இருந்தது.

"அக்கா, ஒரு சின்ன டவுட்டு. தண்ணியில ஏதாவது மாத்திட்டீங்களா? ஒரு நாள் ஆறவிட்டுத்தான் வைக்கிறேன். இருந்தும் மூணுல ஒண்ணு போயிடுச்சு. டயம் கிடைக்கறப்ப சொல்லு."

அதற்குக் கீழே அவள் அனுப்பியது: மீட்டிங். அப்புறம் கூப்பிடறேன்.

தேதியைப் பார்த்தாள். அவன் சாவதற்கு ஒன்பது நாள் முன்பு. அவள் கூப்பிடவே இல்லை. மருந்தை மாற்றச் சொன்ன உத்தரவின் கடைசிப் பக்கத்தில் இருந்த மூன்று கையெழுத்தில் ஒன்று அவளுடையது.

இப்போதாவது நெஞ்சில் ஏதாவது பிசையும் என்று காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் இன்னொரு முறை கேட்டாள். பின்னணியில் அவன் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. அந்த விசிறியை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று யோசித்தாள்.

மறுநாள் ஆய்வகத்தில் கேட்டு, குளோரினை முறிக்கும் உப்பைச் சிட்டிகை அளவு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள். சமையலறை மேடையில் இரண்டு டம்ளர் வைத்தாள். ஒன்றில் வெறும் குழாய்த் தண்ணீர். சோதனை மாத்திரையைப் போட்டதும் ரோஜா நிறமானது. இன்னொன்றில் உப்பைக் கரைத்துவிட்டு மாத்திரையைப் போட்டாள். நிறம் வரவில்லை.

"ஆபீஸ் வேலைய வீட்டுக்கே கொண்டு வந்தாச்சா?" என்று கணவர் எட்டிப் பார்த்தார்.

"அங்க போடறதை இங்க எடுக்கறேன்."

அவர் ரோஜா நிற டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

முறித்த தண்ணீரில் இரண்டு கிண்ணம் தயாரானது. ஒன்று வெறும் தண்ணீர். மற்றதில் கடைக்காரர் கொடுத்தனுப்பிய கடலுப்பு. சமையல் உப்பு கூடவே கூடாது என்று மூன்று தடவை சொல்லியிருந்தார். உள்ளே விழுந்தால் ஏறி வர இரண்டிலும் கூழாங்கற்கள் போட்டாள்.

வீட்டுக்காரருக்கு அதெல்லாம் பயன்படவில்லை. மாலையில் வாடை வந்தது. கணவர் செத்த நண்டைச் சங்கோடு எடுத்துப் போய் மொட்டை மாடியில் ஒரு பூந்தொட்டியில் புதைத்துவிட்டு வந்தார்.

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. அது முன்னாடியே சீக்கா இருந்திருக்கும்."

"இல்ல. நான் வச்ச தண்ணிதான்" என்றாள். "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?"

குடித்தனக்காரர் பிழைத்துக்கொண்டார். அதிலிருந்து நான்காம் நாள் காலை உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் ஏறி, சின்னக் கொடுக்கை நனைத்து நனைத்து வாயில் வைத்துக்கொண்டார். பிறகு முழுசாக இறங்கி, சங்குக்குள் தண்ணீர் ஏற்றிக்கொண்டு, பெருமூச்சு விடுகிறவர்போல் ஒரு குமிழி விட்டார். அவள் பல் தேய்த்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் பஸ்ஸைத் தவற விட்டாள்.

அன்றைக்கே தலைமைப் பொறியாளர் அறைக்குப் போனாள். மருந்து மாற்றம் பற்றி மருத்துவமனைகளுக்கு மட்டும் கடிதம் போயிருந்தது. வீடுகளுக்கு ஒன்றும் போகவில்லை.

"நண்டுக்காக நோட்டீஸ் அடிக்கணுமா, சொட்டு மேடம்?"

"மீனு, ஆமை, நண்டு. வளக்கறவங்களுக்கு ஒரே ஒரு வரி. தண்ணி பில்லுக்குப் பின்னாடி போட்டாப் போதும்."

"அதை யாரு படிக்கப் போறா?"

"தண்ணி வைக்கிறவங்க படிப்பாங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, பேனாவை எடுத்தார். "சரி. ஆனா உங்க நம்பரைப் போடுங்க. என் தலைய உருட்டாதீங்க."

பில் போன வாரத்திலிருந்து போன் வர ஆரம்பித்தது. தன் மீன்கள் பதினாலும் செத்ததற்கு ஒருவர் கால் மணி நேரம் திட்டினார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். எல்லோருக்கும் ஒரே பதில்: கடையில் குளோரின் முறிக்கும் சொட்டு மருந்து கிடைக்கும், அமோனியா கலந்த தண்ணீருக்கும் ஆகும் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு மதியம் ஒரு தையல்காரர் கூப்பிட்டார். பின்னால் மிஷின் ஓடும் சத்தம்.

"கடையில ஒரு தொட்டி வச்சிருக்கேன் மேடம். போன மாசமே உங்க ஆபீஸுக்குப் போன் போட்டேன். யாரும் ஒழுங்கா பதில் சொல்லல."

"என் தம்பியும் கேட்டான்" என்றாள். "நான் சொல்லல."

"ஓ. அப்புறம் சொல்லிட்டீங்களா?"

"இல்ல. அவன் செத்துட்டான்."

அந்த வார்த்தையை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு அந்நியரிடம், அலுவலகப் போனில். மறுமுனையில் மிஷின் நின்றது.

"இருங்க மேடம். பேனா எடுத்துக்கறேன்" என்றார் அவர். ஏதோ நகர்ந்தது. ஒரு இழுப்பறை திறந்து மூடியது. "ம். மெதுவாவே சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அவள் மருந்தின் விவரத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். முதல் வார்த்தையைப் பாதியில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னாள். அதற்குள் அவர் மூன்று முறை "பரவாயில்ல, எனக்கு அவசரமில்ல" என்று சொல்லியிருந்தார்.