தாராளமா எடுத்துக்கோங்க, மதினி

சண்டை போடுகிற கட்சிக்காரர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வக்கீல் குமாஸ்தாவின் பிழைப்பே அவர்களால்தான் ஓடுகிறது. எனக்கு ஆகவே ஆகாதவர்கள், எதற்கும் கோபப்படாமல் சிரித்துக்கொண்டே இருக்கிற தங்கமான மனிதர்கள். 1958-இல் அப்படி ஒருத்தரிடம் மாட்டிக்கொண்டு நானும் என் வக்கீல் லட்சுமிகாந்தமும் எட்டு மாசம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

சாத்தூர் முன்சீப் கோர்ட்டுக்கு எதிரே எங்கள் ஆபீஸ். ஒரு திங்கட்கிழமை ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து மூக்கம்மாள் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். புருஷன் போய் ஒன்பது வருஷம். மூன்று ஏக்கர் மிளகாய்க் காட்டை மகள் ராமுத்தாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெணத்துல எனக்குப் பாதி இருக்குன்னு கோர்ட்டு சொல்லணும்யா" என்றார்.

"யார் இல்லேன்னு சொன்னது?" என்று கேட்டார் வக்கீல்.

"யாரும் சொல்லல. அதான் பிரச்சினையே."

விஷயம் இதுதான். மாமனார் காலத்தில் நிலத்தைப் பாகம் பிரித்தபோது கிணறு இளையவர் சீனிச்சாமியின் நிலத்தில் போய் விழுந்தது. ஆனால் தண்ணீர் இரண்டு மகன்களுக்கும் பொது. ஆளுக்கு மூன்று நாள் முறை, ஞாயிற்றுக்கிழமை மாடுகளுக்கு ஓய்வு என்று பாகச் சீட்டிலேயே எழுதியிருக்கிறது. மூக்கம்மாளின் புருஷன் இருந்தவரை செவ்வாய், வியாழன், சனி அவர் மாடு பூட்டிக் கமலை இறைத்தார், மற்ற நாள் தம்பி. அண்ணன் செத்த மறுமாசம் மூக்கம்மாள் மாட்டைப் பூட்டிக்கொண்டு போனபோது, கொழுந்தன் சீனிச்சாமி ஓடி வந்து, "தாராளமா எடுத்துக்கோங்க மதினி, ஒங்களுக்கு இல்லாததா!" என்றாராம். அன்றைக்கு அதைக் கேட்டு மூக்கம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரமும் சொன்னார். அதற்கடுத்த வாரமும். ஒன்பது வருஷமாக, ஒவ்வொரு முறைக்கும், வரப்பில் நாலு பேர் நிற்கும்போது இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவந்தார்.

"இப்ப ஊர்ல அம்புட்டுப் பேரும் அது அவுக கெணறு, நான் தருமத்துக்குத் தண்ணி வாங்குறவன்னு பேசுறாக. பாகச் சீட்டு என் பெட்டியில கெடக்கு. ஊரு வாய்ல கெணறு அவுகளுதா ஆயிருச்சு. எனக்குப் பெறகு என் மகட்ட, 'எடுத்துக்கோ'ன்னு சொல்ல அவுக மகன் வருவான். ஒரு நாள் சொல்ல மாட்டான். அன்னிக்கு அவ என்னய்யா செய்வா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்கு அவருக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

"உரிமை இருக்குன்னு கோர்ட் விளம்பித் தீர்ப்புச் சொல்லலாம்மா. சட்டத்துல இடம் இருக்கு. ஆனா அதுக்கு ஒருத்தர் அந்த உரிமையை மறுக்கணும். யாருமே மறுக்காததைப் போய்ச் சொல்லுங்கன்னு கேட்டா, நம்ம முன்சீப் வெளியே போன்னு சொல்லிருவார்."

"அப்ப அவுகள இல்லேன்னு சொல்ல வைக்கணும்."

"ஆமா."

மூக்கம்மாள் சேலையை உதறி எழுந்தார். "அதுக்கென்ன, சொல்ல வச்சிருவோம்" என்று பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த புதன்கிழமை, அதாவது சீனிச்சாமியின் முறை நாளில், வேண்டுமென்றே மாட்டைப் பூட்டினார். சீனிச்சாமி வந்து பார்த்தார். "இந்த வெயில்ல மாட்டப் போட்டு வதைப்பாகளா மதினி? இருங்க" என்று தன்னுடைய ஆயில் எஞ்சினையே ஓட்டி மதினியின் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் போனார். வாய்க்காலை மறித்துப் பார்த்தார் மூக்கம்மாள். கொழுந்தன் அதைச் சுற்றிப் புது வாய்க்கால் வெட்டிக்கொண்டார். மூக்கம்மாள் நடுத்தெருவில் நின்று திட்டியும் பார்த்தார். "மதினிக்கு வெயிலு ஒத்துக்கிடல" என்று மோர் கொடுத்தனுப்பினார் அந்தப் புண்ணியவான்.

கடைசியாக நாங்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். பதில் வரவில்லை, ஆளே வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு சிப்பம் கருப்பட்டி. ஊரில் சின்னதாகத் தீப்பெட்டி செய்கிற ஆபீஸ் ஒன்று வைத்திருந்தார். பேச்சில் ஒரு கடுப்பு கிடையாது.

"மதினி கேட்டு நான் இல்லேன்னு சொல்லுவனா வக்கீலய்யா? எம்புட்டு வேணாலும் எடுத்துக்கிடட்டும்."

"அது உங்க மதினிக்கு உரிமையா, இல்ல நீங்க கொடுக்கிறதா?"

"சொந்தத்துக்குள்ள என்னய்யா அந்தப் பேச்சு!" என்று சிரித்தார். என்ன கேட்டாலும் அதே சிரிப்புத்தான். அந்தக் கருப்பட்டியை நான் தொடவில்லை. பிறகு இரண்டு கட்டி எடுத்துக்கொண்டேன், அது வேறு விஷயம்.

சீனிச்சாமிக்கு ஒரே ஒரு பலவீனம், அச்சு. தீப்பெட்டி லேபிள் அடிக்க வாராவாரம் சிவகாசி போகிறவர். லேபிள் தாளில் ஓரமாக மிஞ்சுகிற இடத்தை வீணாக்க அவருக்கு மனசு வராது. மகன் எட்டாவது தேறியதற்கு நோட்டீஸ், எஞ்சின் வாங்கியதற்கு நோட்டீஸ், எருமை கன்று போட்டதற்குக்கூட நோட்டீஸ் அடித்த மனிதர் அவர். எங்கள் பக்கத்தில் நாலு காசு புழங்குகிற எல்லோருக்கும் இந்தச் சீக்கு கொஞ்சம் உண்டு.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் மூக்கம்மாள் ஆபீஸுக்குள் ஓட்டமாக வந்தார். முகத்தில் கல்யாணக் களை. மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். ஆட்டின் படம் போட்ட லேபிளுக்கு ஓரத்தில் அடித்து நறுக்கிய நோட்டீஸ். வக்கீல் உரக்கப் படித்தார்:

"தண்ணீர்ப் பந்தல் உபயம்: சீனிச்சாமி. எனக்கு மட்டுமே ஏகபோக பாத்தியமான கிணற்றிலிருந்து பக்தகோடிகளுக்கும், ஆதரவற்ற என் மதினி மூக்கம்மாளுக்கும் கருணையுடன் நீர் வழங்கப்படும்."

வக்கீல் இரண்டு தரம் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "வந்துருச்சய்யா மறுப்பு. அதுவும் மூணு கலர்ல!" என்றார். அன்றைக்கே பிராதை எழுதினேன். இருபது வருஷச் சர்வீஸில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை.

விசாரணை நாளில் சீனிச்சாமி கூண்டில் ஏறினார்.

"இந்த நோட்டீஸ் நீங்க அடிச்சதா?" என்று கேட்டார் எங்கள் வக்கீல்.

"ஆமாய்யா. ஆயிரம் காப்பி. எழுத்து நல்லா விழுந்திருக்கா?"

கோர்ட்டே சிரித்தது. முன்சீப் சிரிக்கவில்லை. "'எனக்கு மட்டுமே' என்று போட்டிருக்கிறீர்களே, அது நிஜமா?" என்று கேட்டார்.

சீனிச்சாமி முதல் தடவையாகத் திணறினார். ஆமாம் என்றால் பாகச் சீட்டில் இருக்கிற அவருடைய கையெழுத்து எதிரே நிற்கிறது. இல்லை என்றால் ஆயிரம் நோட்டீஸும் பொய்.

"மதினி எப்பக் கேட்டாலும் குடுத்திட்டுத்தானய்யா இருக்கேன்" என்றார்.

முன்சீப் மூக்கம்மாள் பக்கம் திரும்பினார். "தண்ணீர்தான் கிடைக்கிறதே அம்மா. உங்களுக்கு என்ன குறை?"

மூக்கம்மாள் நேராக நிமிர்ந்து நின்றார். "தண்ணி கெடைக்குதுய்யா. ஒம்போது வருஷமா வாரத்துக்கு மூணு நாளு நன்றி சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு அத்துப்போச்சு. என் புருஷன் ஒரு நாளு சொன்னதில்ல. அவுக குடுக்க வேண்டாம். எனக்கு உள்ளத எனக்குன்னு சொல்லிருங்க, அது போதும்."

வழக்குக் கட்டைப் புரட்டுகிற மாதிரி நான் குனிந்துகொண்டேன்.

தீர்ப்பு இரண்டே பக்கம், இங்கிலீஷில். வராந்தாவில் வைத்து நான் தமிழில் சொன்னேன்: கிணற்றில் வாதிக்குச் சரிபாதி பாத்தியம் உண்டு; செவ்வாய், வியாழன், சனி வாதியின் முறை; அது யாருடைய தயவாலும் வருவதல்ல.

"ஜப்தி, கோர்ட்டு அமீனா, ஒண்ணும் வராதா?" என்று கேட்டார் மூக்கம்மாள்.

"வராதும்மா. இன்னது உங்களுதுன்னு கோர்ட் சொல்லியிருக்கு. அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தான்யா வேணும்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தீர்ப்பு நகலைக் கொடுக்க ஒரு வியாழக்கிழமை நானே பஸ் ஏறிப் போனேன். போகவேண்டிய அவசியம் இல்லை. அந்தக் கிணற்றைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. மூக்கம்மாளின் மாடுகள் கமலை இறைத்துக்கொண்டிருந்தன. ராமுத்தாய் வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்தாள். சீனிச்சாமியின் எஞ்சின் பழுதாகி மூன்று நாளாகக் கிடக்கிறதாம். அவருடைய மிளகாய் நாற்று வாடித் தலை தொங்கி நின்றது.

கொஞ்ச நேரத்தில் அவரே வரப்பில் வந்து நின்றார். தோள் துண்டை எடுத்தார், போட்டார், மறுபடி எடுத்தார்.

"மதினி... இன்னிக்கு ஒங்க மொறை. நாத்து வாடுது. ஒரு ரெண்டு மணி நேரம் மட்டும் ஒங்க கமலைத் தண்ணிய..."

கேட்டுப் பழக்கமில்லாத வாய். மூக்கம்மாள் மாட்டை நிறுத்தினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன சொல்லப்போகிறாரோ என்று.

"தாராளமா எடுத்துக்கோங்க" என்றார்.

சீனிச்சாமி தலையைக் குனிந்துகொண்டு, "ரொம்ப நன்றி மதினி" என்று முணுமுணுத்துவிட்டு மடையைத் திருப்பப் போனார். அவர் எட்டப் போகிறவரை மூக்கம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சொல்றதுக்கு எம்புட்டு இனிப்பா இருக்குய்யா இந்த வார்த்த! ஒம்போது வருஷமா அவுகளால ஏன் விட முடியலன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது."

சொல்லிவிட்டு மகளைக் கூப்பிட்டார். "ஏட்டி ராமுத்தாயி, சித்தப்பாட்ட அடுத்த தடவ நான் இதச் சொன்னா என் வாயப் பொத்து. முறைய மாத்திக்கிடுவோம், நாளைக்கு அவுக தண்ணிய நாம எடுத்துக்கிடுவோம். அம்புட்டுத்தான்."